அண்ணன் பிசைந்த கால்கள்

அண்ணன் கடைசியாகச் செய்த சாதாரண காரியம், என் வலது காலின் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்து, "இது விரலாடா, வேர்க்கடலையா?" என்று கேட்டதுதான்.

மதியம் இரண்டே முக்கால் மணி. மாடி அறையில் நான் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தேன். அவர் முக்காலியில் உட்கார்ந்து, மடியில் பழைய துண்டு ஒன்றை விரித்து, அதன்மேல் என் பாதத்தை வைத்திருந்தார். "வேர்க்கடலைதான், வறுத்துத் தின்னுங்க" என்றேன். "உன் காலைத் தின்னா எனக்கு ஜென்மத்துக்கும் பசிக்காதுடா" என்று சொல்லி எழுந்து, சோப்புப் போட்டுக் கை கழுவினார். கீழே அவருடைய ரொட்டிக் கடை. மூன்று மணி ரொட்டிக்கான மாவு உப்பி நிற்கும் நேரம். இறங்கிப் போனவர் மாவு மூட்டையின்மேல் உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். வயது ஐம்பத்து மூன்று.

நியாயமாகப் பார்த்தால் வரிசையில் முன்னால் நின்றவன் நான். பதினான்கு வருடத்துக்கு முன் எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று சொன்னபோது என் எடை முப்பத்தெட்டுக் கிலோ. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தலைமாட்டில் நின்று, பழம் வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு விடைபெற்றார்கள். அப்படி விடைபெற்றவர்களில் நான்கு பேரை இதுவரை நான் வழியனுப்பியிருக்கிறேன். எல்லோரும், எப்படி வந்தது என்று கேட்டார்கள். அண்ணன் மட்டும் கேட்கவில்லை. "சாப்பிட்டியா?" என்றார். அன்றிலிருந்து அவர் வீட்டு மாடியில்தான் இருக்கிறேன்.

அழுவதற்கு நாள் இருக்கிறது. அண்ணன் போவதற்கு முந்திய சில வாரங்கள் எங்கள் வீட்டில் நடந்த கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் கைப்பந்து நடுவர். பிழைப்புக்கு ஒரு உதிரிபாகக் கடையில் சரக்கு எடுத்துக் கொடுக்கிறேன். ஆனால் யாராவது என்ன வேலை என்று கேட்டால் நடுவர் என்றுதான் வாயில் வரும். வலைக் கம்பத்தை ஒட்டி, ஏணி வைத்த ஒரு இரும்பு மேடை இருக்கும். ஸ்டாண்டு என்போம். நடுவர் அதன்மேல் ஏறி நின்றுதான் ஆட்டத்தை நடத்த வேண்டும். கீழே நான் மாத்திரை விழுங்குகிறவன், இரத்தப் பரிசோதனைக்கு வரிசையில் நிற்கிறவன், "உடம்பு இப்ப எப்படி இருக்கு?" என்று எல்லோரும் குரலைத் தாழ்த்திக் கேட்கிறவன். ஏணியில் ஐந்து படி ஏறிவிட்டால் நான் நடுவர், அவ்வளவுதான்.

பழைய மாத்திரைகளில் ஒன்று என் உயிரைக் காப்பாற்றிவிட்டு, போகிற போக்கில் கால் நரம்புகளைக் கெடுத்துவிட்டது. டாக்டர் மாத்திரையை மாற்றினார். கிருமி இப்போது பரிசோதனையில் தென்படாத அளவுக்கு அடங்கிக் கிடக்கிறது. பாதங்கள் மட்டும் பழைய நிலைக்கு வரவில்லை. பாதி நேரம் மரத்திருக்கும், மீதி நேரம் எரியும். தரையில் நிற்கிறேனா, பஞ்சுப் பொதியில் நிற்கிறேனா என்பதைக் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். போதாக்குறைக்கு வலது தோளும் இறுகிப்போனது. பந்து வெளியே என்று காட்ட இரண்டு கைகளையும் மேலே தூக்க வேண்டும். என் வலது கை விலாவோடு நின்றுவிடும். "சார் பாதி அவுட்டு குடுக்குறாரு" என்று ஆட்டக்காரர்கள் சிரித்தார்கள்.

அதுவரை சமாளித்தேன். ஒரு லீக் ஆட்டத்தில் இறங்கும்போது, படியில் இருப்பதாக நினைத்த கால் படியில் இல்லை. நேராக ஒரு அணியின் பயிற்சியாளர் மடியில் போய் உட்கார்ந்தேன். அவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பாவம், பதற்றத்தில், "உட்காருங்க சார், உட்காருங்க" என்றார்.

கிளப் செயலாளர் ஒரு தையற்காரர். மறுநாள் கழுத்தில் அளவு நாடாவோடு ரொட்டிக் கடைக்கு வந்தார்.

"இதோ பாரு, உன் நோய் எனக்குப் பிரச்சினை இல்ல. உன் கால்தான் பிரச்சினை. இறுதி ஆட்டத்துக்கு இன்னும் பதினோரு வாரம் இருக்கு. ஏறிக் காட்டு. இல்லேன்னா ஸ்டாண்டு நம்ம இன்னொரு ரெஃப்ரி பல் டாக்டருக்கு."

"பல் டாக்டரா? அவர் விசில் ஊதினா அவருக்கே கேக்காதே!"

"கேக்கலேன்னாலும் கீழ விழமாட்டாரு."

அண்ணன் தட்டில் ரொட்டிகளை அடுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். தையற்காரர் போனதும், "பதினோரு வாரம். ரொட்டிக்கு மூணு மணி நேரம் போதும். காலுக்குப் பதினோரு வாரம் போதாதா?" என்றார்.

ஆஸ்பத்திரியின் பின்கட்டடத்தில், நீளத் தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது பிசியோ அறை. நான்கு கட்டில்கள், நடுவில் பச்சைத் திரைகள், சுவரில் ஒரு கப்பி, கயிறு. அங்கே வேலை செய்தவரைப் பிசியோ அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். குள்ளமானவர். கட்டிலை இறக்கி வைத்துக்கொண்டு, ஒரு பலகைமேல் ஏறி நின்று வேலை செய்வார். அண்ணன் முதல் நாளே, "மெஷின் எங்கம்மா?" என்று கேட்டார்.

அக்கா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "இதுதான் மெஷின். கரண்டு போனாலும் ஓடும்."

என் பழைய ரிப்போர்ட்டுகளைப் படித்தார். பாதத்தில் புண் இருக்கிறதா என்று விரலிடுக்கு விடாமல் பார்த்தார். பிறகு ஒரு நைலான் நரம்பை எடுத்து, "கண்ணை மூடிக்குங்க. எந்த விரலைத் தொடறேன்னு சொல்லணும்" என்றார்.

நான் கண்ணை மூடினேன். எந்த விரலிலும் ஒன்றும் தெரியவில்லை. அப்போது பக்கத்தில் அண்ணன் மூன்று முறை இருமினார்.

"மூணாவது விரல்" என்றேன்.

"அட, சரிதான். இப்ப?"

ஒரே ஒரு இருமல். "கட்டைவிரல்."

"ரொம்ப நல்லது. இப்ப?"

இருமல் ஐந்து தாண்டி ஆறு, ஏழு என்று போனது. எனக்குக் குழப்பமாகிவிட்டது. "ஏழாவது விரலா?" என்றேன். கண்ணைத் திறந்தால் அண்ணன் முகம் சிவந்து நிஜமாகவே புரையேறி இருமிக்கொண்டிருந்தார். அக்கா நைலான் நரம்பைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, நீங்க வெளிய போய் தண்ணி குடிச்சுட்டு அங்கேயே இருங்க" என்றார். அடுத்த பரிசோதனையில் பத்து விரலுக்கு ஒன்றுதான் சரியாகச் சொன்னேன். அதுவும் குருட்டாம்போக்கு.

சுவரில் என் தலைக்கு மேலே ஒரு சிவப்பு டேப்பை ஒட்டினார் அக்கா. "ரெஃப்ரி, கை இந்தக் கோட்டைத் தொடணும். அப்புறம் ரெண்டு கால்லயும் தனித்தனியா, கீழ பார்க்காம, பத்து நொடி ஒத்தைக் கால்ல நிக்கணும். ரெண்டும் செஞ்சாத்தான் ஏணிப் பக்கம் போகலாம். அதுக்கு முன்னாடி போனீங்கன்னா நானே வந்து இழுத்து இறக்குவேன்."

அன்று நான் இடது காலில் நின்றது இரண்டு நொடி. அண்ணன் வாசலில் இருந்தபடியே எண்ணினார்: "ஒண்ணுரெண்டுமூணுநாலஞ்சு!" அக்கா அவருடைய எண்ணிக்கையைக் கணக்கில் எடுக்கவில்லை.

வாரத்தில் மூன்று நாள் தோளுக்கு வேலை. அக்கா என் மேல்கையைத் தன் இரண்டு கைகளுக்குள் அடக்கி, மூட்டெலும்பை அதன் குழிக்குள் மெல்லக் கீழே தள்ளி, விட்டு, மறுபடி தள்ளுவார். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். உள்ளே துருப்பிடித்த கதவைத் திறப்பதுபோல் வலிக்கும். முதல் வாரம் நான் போட்ட சத்தத்தில் பக்கத்துத் திரைக்குள் இருந்த முழங்கால் தாத்தா, "எனக்கு இன்னிக்கு வேணாம், வீட்டுக்குப் போறேன்" என்று செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

அண்ணன்தான் வழி கண்டுபிடித்தார். என் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து என் வாயில் வைத்தார். "கத்தாத. ஊது. சின்னதா ஊதினா தாங்குவேன்னு அர்த்தம். நீளமா ஊதினா நிறுத்துன்னு அர்த்தம்."

அக்காவுக்கு இது பிடித்துப்போனது. "வாயால சொல்றவங்க எல்லாரும் பொய் சொல்றாங்க. ஒருத்தர் வலிக்கலம்பாரு, ஒருத்தர் தொடறதுக்கு முன்னாடியே ஐயோம்பாரு. விசில் சரியா சொல்லுது." இரண்டு வாரத்தில் முழங்கால் தாத்தாவும் ஒரு விசில் வாங்கி வந்தார். கழுத்து வலிக்காரப் பெண் ஒருத்தி பிளாஸ்டிக் விசிலோடு வந்தாள். திங்கட்கிழமை காலைகளில் அந்த அறை, ஆள் இல்லாத சாலைச் சந்திப்பில் நாலு டிராஃபிக் போலீஸ் நிற்பதுபோல் கேட்கும். ஒருநாள் மேலதிகாரி ஒருவர் ஓடிவந்து, "என்ன ஆச்சு, தீயா?" என்று கேட்டார். அக்கா என் தோளிலிருந்து கையை எடுக்காமலே, "வலி சார், வலி" என்றார்.

ஆனால் கால் சிகிச்சை வாரத்துக்கு மூன்று நாளில் அடங்காது. தினமும் வேண்டும். அக்கா அண்ணனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தன் கையைக் காட்டி அவர் கையைப் பழக்கினார். குதிகாலிலிருந்து விரல் நுனிவரை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் போக வேண்டும். பாத எலும்புகளை விரித்து மூட வேண்டும். ஒவ்வொரு விரலாக இழுத்துவிட வேண்டும். கணுக்காலை இரண்டு பக்கமும் சுழற்ற வேண்டும். அண்ணனின் கைகளில் தட்டு சுட்ட தழும்புகள் நிறைய. புதிதாகச் சுட்ட இடம் இருந்தால் பிளாஸ்திரி போட்டுக்கொண்டு தொடச் சொன்னார் அக்கா. "அவர்கிட்டேருந்து உங்களுக்கு ஒண்ணும் வராது அண்ணே, உங்க புண்ணுலேருந்து அவர் காலுக்கு எதுவும் போயிடக் கூடாது."

"ஒரு காலுக்கு எவ்வளவு நேரம்மா?"

"பத்து நிமிஷம் நல்லா பிசைங்க. அப்புறம் கொஞ்சம் ரெஸ்ட் குடுங்க."

இந்த ஒரு வாக்கியத்தை உலகத்தில் வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் ஆபத்தில்லை. முப்பது வருடமாக மாவு பிசைகிறவரிடம் சொல்லிவிட்டார்.

மறுநாள் மதியம் அண்ணன் என்னைக் கடைக்குள் ரொட்டி மேசைப் பக்கம் உட்காரவைத்தார். உள்ளங்கையில் கோதுமை மாவைத் தூவிக்கொண்டார். "பவுடர் வேணுமில்ல, வழுக்குறதுக்கு." பத்து நிமிடம் பிசைந்தார். பிரமாதமாகப் பிசைந்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றாலும் கண் சொக்கியது. ஓங்கி ஒரு தட்டுத் தட்டிப் பதம் பார்த்தார். பிறகு நான் தூங்கிப்போனேன்.

விழித்தது அண்ணியின் குரலில். "என்னங்க இது? அடுப்புப் பக்கத்துல என்ன வெச்சிருக்கீங்க?"

"கால்" என்றார் அண்ணன்.

"யாரு கால்?"

"தம்பி காலுதான். ரெஸ்ட் குடுக்கச் சொன்னாங்க."

என் இடது பாதம் ரொட்டித் தட்டில், ஈரத்துணியால் மூடப்பட்டு, மேலே ஒரு அலுமினியச் சட்டி கவிழ்த்து, அடுப்பு வாய்க்கு ஒரு முழம் தள்ளி இளஞ்சூட்டில் வைக்கப்பட்டிருந்தது. ஓய்வு என்றால் அவருக்கு அதுதான் ஓய்வு. அண்ணி சட்டியைத் தூக்கினார். குதிகாலில் ஒரு கொப்புளம், சிறிய பன் அளவுக்கு, பளபளவென்று உப்பி நின்றது. எனக்கு ஒரு துளி வலியில்லை. அதனால்தான் அண்ணனின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அக்கா எங்களைத் திட்டிய திட்டு தாழ்வாரத்தின் மறுகோடிவரை கேட்டிருக்கும். "உணர்ச்சி இல்லாத காலை அடுப்புகிட்ட வெப்பாங்களா? அவருக்குச் சூடு தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? என்ன மனுஷன் அண்ணே நீங்க! காலு என்ன, ரெண்டு மடங்காகணுமா?"

"எல்லாத்தையும் நான் அப்படித்தாம்மா…" என்று ஆரம்பித்த அண்ணன் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

கொப்புளம் ஆறும்வரை அந்தக் காலைத் தொடக்கூடாது, நிற்கும் பயிற்சியும் கூடாது. பதினோரு வாரத்தில் இரண்டு வாரம் போயிற்று. அண்ணன் கடையில் யாரோடும் பேசவில்லை. வாடிக்கையாளர் ரொட்டி கேட்டால் ரொட்டி, பன் கேட்டாலும் ரொட்டி. அண்ணி என்னிடம், "உன் அண்ணனை இப்படி நான் பார்த்ததே இல்ல. எதையோ அளக்குறாரு, கிழிக்குறாரு, மறுபடி அளக்குறாரு" என்றார்.

அளந்தது என் பாதத்தை. நான் தூங்கும்போது சணல் கயிறு வைத்து அளந்திருக்கிறார். மூன்றாம் நாள் காலை பிசியோ அறைக்கு ஒரு துணிப் பொட்டலத்தோடு வந்தார். அவிழ்த்தால் ஒரு கால். பொன்னிறமாக வெந்த, ஐந்து விரலும் குதிகாலும் கணுக்காலும் கொண்ட ரொட்டிக் கால். கட்டைவிரல் மட்டும் உருளைக்கிழங்குபோல் உப்பியிருந்தது.

"அம்மா, அவன் காலைத் தொடமாட்டேன். இதுல சொல்லிக் குடுங்க. பழகிக்கிறேன்."

அக்கா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ரொட்டிக் காலைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பி, தீவிரமாகப் பார்த்தார். "உள்பக்க வளைவே இல்லையே அண்ணே. இது தட்டைப் பாதம்."

"அது உப்பினதுல போயிடுச்சும்மா. நாளைக்குச் சரி பண்றேன்."

"சரி, குதிகால்லேருந்து ஆரம்பிங்க."

அண்ணன் ஆரம்பித்தார். இரண்டாவது அழுத்தலிலேயே மேல்தோல் படாரென்று வெடித்து, கட்டைவிரல் உள்ளே போய்விட்டது. அக்கா கையைக் கட்டிக்கொண்டு, "பார்த்தீங்களா? உங்க தம்பிக்கும் இதான் கதி" என்றார். அப்புறம் அடக்கமாட்டாமல் சிரித்தார். பலகையிலிருந்து இறங்கி, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திரைகள் விலகின. முழங்கால் தாத்தா எட்டிப் பார்த்து, "குதிகால் எனக்கு. மெல்ல முடியாது, மெத்துனு இருக்கிற பக்கமாக் குடுங்க" என்றார். கழுத்து வலிக்காரப் பெண் இரண்டு விரல் வாங்கிக்கொண்டாள்.

அதற்கப்புறம் தினம் ஒரு கால் வந்தது. நான்காவது காலில் வளைவு சரியாக அமைந்தது. ஐந்தாவதை அண்ணி தெரியாமல் கடைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட, செருப்புக் கடைக்காரர் பார்த்து வாங்கிப்போய்த் தன் கடை முகப்பில் வைத்தார். அதற்கு ஒரு செருப்பும் மாட்டிவிட்டார். "வாரத்துக்கு ஒண்ணு வேணும், இடது காலாவே இருக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினார். அண்ணன் மறுபடி பேச ஆரம்பித்தார்.

கொப்புளம் ஆறியது. அக்கா மூன்று நிபந்தனைகள் போட்டார்: மாடி அறையில்தான் பிசைய வேண்டும், மாவு கூடாது, எதையும் எதாலும் மூடக் கூடாது. அண்ணன் தினமும் மதியம் இரண்டு மணிக்குத் துண்டோடு வந்தார்.

"ஒருத்தன் காலையும் பிடிக்காம ஐம்பத்து மூணு வயசு வரைக்கும் வாழ்ந்துட்டேன்டா. கடைசியில உன் காலைப் பிடிக்க வெச்சிட்டியே."

"பிடிங்க பிடிங்க, வேண்டிய வரம் தர்றேன்."

"ஸ்டாண்டுல ஏறு, அதுதான் வரம். பல் டாக்டர் கைக்குப் போச்சுன்னா நான் ஆட்டம் பார்க்க வரமாட்டேன். அந்த ஆளு விசில் ஊதினா எனக்குப் பல்லு கூசும்."

தோள் முன்னேறியது. சிவப்புக் கோட்டுக்கு நாலு விரல் கீழே, மூன்று விரல் கீழே என்று கை ஏறியது. கால்தான் மெதுவாக இருந்தது. நாலு நொடி. நாலு நொடி. ஐந்து. மறுபடி நாலு. ஒன்பதாவது வாரத்தில் ஆறு.

அந்த வாரம் ஒரு மதியம், அண்ணன் கட்டைவிரல் என் இடது பாதத்தின் வளைவில் போனபோது, எனக்குச் சிரிப்பு வந்தது. எதற்கென்று தெரியவில்லை. அவர் வேடிக்கையாக ஒன்றும் சொல்லவும் இல்லை.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல."

மறுபடி அழுத்தினார். மறுபடி சிரித்தேன். காலை இழுத்துக்கொண்டேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அண்ணன் கட்டைவிரலை எடுத்துவிட்டு, ஆட்காட்டி விரல் நுனியால் லேசாக, மிக லேசாக, ஒரு கோடு இழுத்தார். நான் கட்டிலிலிருந்து எழும்பிக் குதித்துவிட்டேன்.

"கூசுதாடா?"

"கூசுது அண்ணே!"

அவ்வளவுதான். அவர் என் காலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விடாமல் கூசவைத்தார். நான் தலையணையால் அவர் தலையில் அடித்தேன். இரண்டு கிழட்டு ஆம்பளைகள் ஊளையிட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டு அண்ணி கரண்டியோடு மேலே ஓடிவந்தார். அண்ணன் அவரை ஒதுக்கிக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கி, கடையில் நின்ற கூட்டத்திடம், "கூசுது! என் தம்பிக்குக் கூசுது!" என்று கத்தினார்.

ஒரு அம்மாள் கவலையாக, "அதுக்கு என்ன மருந்து போடணும்?" என்று கேட்டார். அண்ணன் அவருக்கு ஒரு ரொட்டியைச் சும்மா கொடுத்து அனுப்பினார்.

பாதம் முழுக்கத் திரும்பிவிடவில்லை. வளைவிலும் குதிகாலின் உள்பக்கத்திலும் ஒரு உள்ளங்கை அளவு இடம் மட்டும் விழித்துக்கொண்டது. விரல்கள் இன்னும் மரம்தான். "அந்த இடம் போதும். ஏணிப் படியில விரல் நுனியை வெக்காதீங்க. விழிச்ச இடத்தை வெச்சு நில்லுங்க. அது உங்களுக்குச் சொல்லும்" என்றார் அக்கா. வாரக் கடைசியில் ஏழு நொடி நின்றேன். இன்னும் மூன்று நொடி பாக்கி.

அதற்கடுத்த வாரத்தில்தான் அண்ணன் மாவு மூட்டையின்மேல் உட்கார்ந்தார். இறுதி ஆட்டத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

சொந்தக்காரர்கள் வந்தார்கள். கதவருகே என்னைப் பார்த்ததும் ஒவ்வொருவரும் ஒரு கணம் நின்றார்கள். பெரியப்பா என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, "டேய், தகவல் வந்ததும் நீதான்னு நினைச்சுத்தான்டா கிளம்பி வந்தேன்" என்று குலுங்கி அழுதார். அவர் தோளுக்கு மேலாக அண்ணியைப் பார்த்தேன். அழுது வீங்கிய கண்களோடு அவர் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகை இல்லை என்று எனக்குத் தெரிந்தது. எனக்கும் வந்துவிட்டது. பெரியப்பா பாவம், நான் அழுகிறேன் என்று இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நான்கு நாள் என் கால்களை யாரும் தொடவில்லை. எரிச்சல் திரும்பி வந்தது. ஐந்தாம் நாள் பிசியோ அக்கா வீட்டுக்கு வந்தார். அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். போகும்போது என்னைப் பார்த்து, "எத்தனை நொடி?" என்றார்.

"நிக்கலக்கா. பல் டாக்டரே ஏறட்டும்."

அண்ணிக்கு வந்ததே கோபம். "என்னது? அந்த மனுஷன் எத்தனை மாவை வீணாக்கி எத்தனை கால் செஞ்சாரு! நீ ஏறலேன்னா எனக்குத்தான் கனவுல வந்து கத்துவாரு. நான் எப்ப தூங்குறது?" துண்டை எடுத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து என் காலை இழுத்தார். அண்ணி கடைக் கல்லாவில் உட்காருகிறவர், மாவு தொடாதவர். அவர் பிசையவில்லை, கிள்ளினார். விழித்த இடத்தில் ஒரு கிள்ளு விழுந்ததும் நான் அலறினேன். விசில் கையில் இல்லை.

"அக்கா, காப்பாத்துங்க."

"இப்படி வாங்க" என்று அக்கா என் காலை என் மடியிலேயே மடக்கி வைத்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துப் பாதத்தில் வைத்தார். "தோள்தான் இப்ப வளையுதே, கை எட்டும். அவரு எப்படிப் போவாருன்னு உங்களுக்குத் தெரியாதா? கண்ணை மூடிக்கிட்டுப் போங்க."

எனக்குத் தெரிந்திருந்தது. குதிகாலில் ஆரம்பம். வளைவில் ஒரு இடத்தில் கொஞ்சம் தங்குவார். விரலை இழுக்கும்போது ஏதாவது ஒரு வசவு. வசவை நானே போட்டுக்கொண்டேன். அண்ணி, "அவரு இன்னும் மோசமாத் திட்டுவாரு" என்றார். அவர் திட்டுகிற மாதிரியே அண்ணி ஒன்று திட்டிக்காட்ட, அக்கா காதைப் பொத்திக்கொண்டார்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் பிசியோ அறையில் சோதனை. சிவப்பு டேப்பைக் கை தொட்டது. முழங்கால் தாத்தா விசிலடித்தார். வலது காலில் பதினோரு நொடி. பிறகு இடது கால். அக்கா எண்ணினார். நேர்மையான எண்ணிக்கை, ஒவ்வொரு நொடியும் ஒரு நொடி நீளம். ஆறு. ஏழு. கணுக்கால் நடுங்கியது. பார்வையை எதிர்ச் சுவரிலேயே வைத்திருந்தேன். பாதத்தின் வளைவில் தரை இருந்தது. எட்டு. சில்லென்று இருந்தது. ஒன்பது. பத்து.

நான் மற்ற காலை இறக்கவில்லை. பதினைந்துவரை நின்றேன்.

"போதும் ரெஃப்ரி" என்றார் அக்கா. "கொக்கு கூட காலை மாத்தும்."

மறுநாள் மாலை நாலு மணிக்கு மைதானம் நிறைந்திருந்தது. அண்ணி முன்வரிசையில், பக்கத்தில் அக்கா, அக்காவின் கால் தரைக்கு எட்டாமல் ஆடிக்கொண்டிருந்தது. தையற்காரர் ஏணியின் அடியில் வந்து நின்று இரண்டு கைகளையும் விரித்தார், நான் விழுந்தால் பிடிப்பதற்கு. பல் டாக்டர் எதிர்க்கம்பத்துப் பக்கம் இரண்டாவது நடுவராக நின்றார்.

முதல் படி. இரும்பு, வளைவில் குறுக்காகப் பதிந்தது. இரண்டு. மூன்றாவதில் இடது கால் எங்கே இருக்கிறது என்று ஒரு கணம் தெரியவில்லை. குனியத் தோன்றியது. குனியவில்லை. பாதத்தை இன்னும் உள்ளே தள்ளினேன், விழித்த இடம் இரும்பைக் கண்டுபிடிக்கும்வரை. கண்டுபிடித்தது. நான்கு, ஐந்து. மேலே போய் நின்று திரும்பிப் பார்த்தால், தையற்காரர் இன்னும் கையை விரித்தபடியே நின்றுகொண்டிருந்தார்.

முதல் செட்டில் இருபது புள்ளி வரை ஒருவரும் என்னை எதுவும் சொல்லவில்லை. அண்ணனை இழந்தவன் என்று மரியாதை காட்டினார்கள். இருபத்தோராவதில் கோட்டுக்கு ஒரு நூல் தள்ளி விழுந்த பந்துக்கு வெளியே என்றேன். இரண்டு கைகளும் ஒரே உயரத்துக்குப் போயின. கூட்டத்திலிருந்து ஒருவன் எழுந்து, "யோவ், கண்ணு தெரியுதா உனக்கு? அண்ணன் கடை ரொட்டியை வெச்சுக் கண்ணுல ஒத்தடம் குடு!" என்று கத்தினான். ஐந்தாறு பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். அண்ணி எழுந்து நின்று அவனுக்குப் பதில் கொடுத்தார். அக்கா அவரைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். ஒன்பது நாளில் யாரும் என்னிடம் குரலைத் தாழ்த்தாமல் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அவனுக்கு ஒரு எச்சரிக்கை கொடுத்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்கினேன்.

செட் முடிந்ததும் தோற்ற அணியின் தலைவன் ஸ்டாண்டுக்குக் கீழே வந்தான். வலது கட்டைவிரலில் அடிபட்டு நகம் கறுத்திருந்தது.

"சார், வலை உயரமா இருக்கு. இவங்க ஏத்திக் கட்டியிருக்காங்க. எங்க பையன் அடிக்கிற பந்தெல்லாம் வலையிலேயே விழுது."

"உங்க பையன் குதிக்கலப்பா."

"அளங்க சார். அளந்துட்டுச் சொல்லுங்க."

வழக்கமாக இரண்டாவது நடுவர் அளப்பார். பல் டாக்டர் அளவுக்கோலை எடுக்கவும் செய்தார். நான் வேண்டாம் என்று கை காட்டிவிட்டு இறங்கினேன். ஐந்து படி. தையற்காரர் ஓடிவந்தார், அதற்குள் நான் தரையில் இருந்தேன். பல் டாக்டரிடமிருந்து கோலை வாங்கி, மைதானத்தின் நடுவில் வலைக்கு அடியில் நிறுத்திப் பார்த்தேன். பிறகு இரண்டு ஓரங்களிலும் பார்த்தேன். தலைவன் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். கோலை அவனிடமே கொடுத்து, அவனையும் அளக்கச் சொன்னேன். அவன் அளந்தான். கோலைத் திருப்பிக் கொடுத்தான்.

நான் மறுபடி ஏணியில் ஏறினேன்.

இரண்டு மீட்டர் நாற்பத்து மூன்று சென்டிமீட்டர். ஆண்கள் ஆட்டத்துக்கு எந்த மைதானத்திலும் வலை அந்த உயரம்தான்.